பத்தாவது கடல்

ஜூன் 9

கேன்வாஸ் வந்தது. அகலம் ஆறடி, உயரம் நாலடி. மாடிப்படி வளைவில் திருப்ப முடியாமல் கூரியர்காரரும் நானும் கால் மணி நேரம் மல்லுக்கட்டினோம். "உள்ள என்ன அண்ணாச்சி, கதவா?" என்று கேட்டார். கப்பல் என்றேன். அவர் நம்பவில்லை.

படம் இதுதான்: மூன்று கப்பல், புயல், தூரத்தில் ஒரு கோட்டைச் சுவர். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒரு டச்சுக்காரன் வரைந்தது. அசல் ஏதோ ஒரு மியூசியத்தில் இருக்கிறது. என்னிடம் இருப்பது அதன் பிரிண்ட். ஆஸ்திரேலியாவில் ஒருவர் தன் வீட்டில் மாட்ட, கையால் வரைந்த நகல் வேண்டும் என்று புதுச்சேரிக் கம்பெனியைக் கேட்டிருக்கிறார். கம்பெனி என்னைக் கேட்டிருக்கிறது. ஜூலை முப்பத்தொன்றுக்குள் போட்டோ அனுப்ப வேண்டும், காய்ந்த பிறகு பார்சல். இருபத்துநாலு வருடமாக இதுதான் என் பிழைப்பு. நான் வரைந்த கப்பல்கள் எத்தனையோ நாட்டுச் சுவர்களில் நிற்கின்றன. தூத்துக்குடியில் பிறந்த நான் கொழும்புக்குக்கூடப் போனதில்லை.

டியூப்லைட்டை மாற்றினேன். பழையது மங்கிவிட்டது. புதியதும் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. இப்போதெல்லாம் எவனும் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை.

ஜூன் 10

கேன்வாஸில் கட்டம் போட்டு முடித்தேன். தொண்ணூற்றாறு கட்டம். இடுப்பு வலி.

ஜூன் 14

நடுக் கப்பலின் உடல் முடிந்தது. பாய்மரக் கயிறுகள் ஆரம்பித்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு இருபத்தாறு கயிறு. எண்ணி எண்ணிப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் கம்பெனியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்று ஒரு வேடிக்கை பார்த்தேன். பாய்கள் எல்லாம் இடப்பக்கம் புடைத்திருக்கின்றன. அலையும் இடப்பக்கம் அடிக்கிறது. பின்னால் வரும் கப்பலின் கொடி மட்டும் வலப்பக்கம் பறக்கிறது. அந்த டச்சுக்காரன் எந்த ஞாபகத்தில் வரைந்தானோ! கை துறுதுறுத்தது. ஆனால் நகல் எடுக்கிறவனுக்கு ஒரே சட்டம்தான்: இருப்பதை வரை. கொடியை வலப்பக்கமே பறக்கவிட்டேன்.

பெயிண்ட் கரைக்கும் டர்பென்டைன் நெடி நெஞ்சைப் பிடித்தது. இழுப்பு மாத்திரை இரண்டு போட்டேன்.

ஜூன் 17

கம்பெனியிலிருந்து திலகவதி பேசினாள். வரும் படங்களைப் பார்த்துச் சரி, தவறு சொல்வது அவள் வேலை. நேரில் பார்த்ததில்லை. ஒன்பது வருடமாகக் குரல்தான்.

"சார், போன மாசம் அனுப்பின துறைமுகம் படம் திரும்பி வருது. வானம் ரொம்ப நீலமா அடிக்குதுன்னு கஸ்டமர் சொல்றாங்க."

"உங்க பிரிண்ட்ல அப்பிடித்தான் இருக்கு."

"பிரிண்ட்ல சாம்பல் கலர் சார்."

"மெஷின மாத்துங்க," என்று சொல்லிப் போனை வைத்தேன். இந்த வருடம் இது மூன்றாவது. பிரிண்ட் போடுகிறவனை விட்டுவிட்டு வரைகிறவனைப் பிடிப்பது இவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

ஜூன் 22

பழைய துறைமுகத் தெருவில் ஒரு துக்கம். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது கீழ்வீட்டு பாக்கியம் அக்கா, வீட்டுக்காரம்மா, வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, சாவு வீட்டுக்கா இப்பிடி போனீரு? கல்யாணத்துக்குப் போறாப்புல நீலச் சட்ட போட்டுக்கிட்டு?"

கறுப்பு என்றேன். அக்கா என் கையைப் பிடித்து வெயிலில் காட்டி, "இதுவா கறுப்பு?" என்றாள். அவளுக்கு வயது அறுபத்தெட்டு. கண் பரிசோதனை செய்து எத்தனை வருடமோ!

ஜூன் 26

துறைமுகம் படம் திரும்பி வந்தது. சுவரில் சாய்த்து ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒரு குற்றமும் தெரியவில்லை.

வானமும் கடலும் முன்பு இந்த வீட்டில் என் வேலை இல்லை. கப்பல் மட்டும்தான் நான். அது பழைய கதை.

ஜூலை 1

நீலப் பெயிண்ட் குழாயில் லேபிள் கிழிந்துவிட்டது. அதனால் வந்த வினை. கப்பலுக்கு அடியில் விழும் நிழலைக் கறுப்பும் பழுப்பும் கலந்து போட்டேன் என்று நினைத்தேன். பாக்கியம் அக்கா மீன் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, சேலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, கப்பலுக்கு அடியில இங்க் கொட்டிருச்சா?"

அதுதான் ஸ்டைல் என்றேன். அவள் போன பிறகு குழாயைப் பிதுக்கி வெள்ளைத் தாளில் தேய்த்தேன். கறுப்பாகத்தான் தெரிந்தது. ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். அங்கேயும் கறுப்பு. குழாயின் மூடியில் நீலம் என்று அச்சடித்திருந்ததைக் கண்ணாடியைக் கழற்றி மூக்குக்கு அருகில் வைத்துப் படித்தேன்.

குழம்பு ஆறிவிட்டது. சாப்பிடவில்லை.

ஜூலை 3

மூக்குக் கண்ணாடியின் பவரை மாற்றலாம் என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

இரண்டு கண்ணிலும் புரையாம். டாக்டர் சின்ன வயசுப் பெண். விளக்கை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "மஞ்சக் கண்ணாடி போட்டுக்கிட்டு உலகத்தப் பாக்கிற மாதிரி இருக்கும் சார். நீலம் தெரியாது. இது நேத்து வந்ததில்ல. பத்து, பன்னெண்டு வருஷமா மெதுவா ஏறியிருக்கும். இழுப்புக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்றாள். கடையில் வாங்கிப் போடுவேன் என்றேன். அதுவும் புரையை ஏற்றும் என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

பன்னிரண்டு வருடம் என்பதெல்லாம் டாக்டர்கள் பேசும் பேச்சு. போன வருடம் வரை கயிறு ஒன்றுகூட எனக்குத் தப்பியதில்லை.

முதலில் வலது கண்ணைச் செய்துகொள்ளச் சொன்னாள். காலையில் போனால் சாயங்காலம் வந்துவிடலாம். கூட ஒரு ஆள் வர வேண்டும். அது கட்டாயமாம். கையெழுத்துப் போடவும், சொட்டு மருந்து எப்படி விடுவது என்று கேட்டுக்கொள்ளவும். ஒரு பாரம் கொடுத்தார்கள். "நெருங்கிய உறவினர், தொலைபேசி எண்" என்று கட்டம் போட்டிருந்தது. கட்டம் காலியாக இருந்தால் சிஸ்டர் வாங்கமாட்டாள் போலிருந்தது. மெட்டில்டா என்று எழுதிப் பழைய எண்ணையும் எழுதினேன். அந்த எண் இன்னும் இருக்கிறதோ என்னவோ. "உறவு" என்று பக்கத்தில் இன்னொரு குட்டிக் கட்டம். அதை விட்டுவிட்டேன்.

ஜூலை 5

பாக்கியம் அக்காவைக் கேட்கலாம் என்று கீழே போனேன். திருவிழா வருகிறதே, மகள்கள் இரண்டு பேரும் பிள்ளைகளோடு வருகிறார்கள், வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறாள். மூட்டு வலியோடு ஸ்டூலில் ஏறி நின்றாள். "என்ன தம்பி, சொல்லும்," என்றாள். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஜூலை 8

போனில் இருக்கும் பெயர்களை அ-விலிருந்து பார்த்தேன். அரிசிக் கடை. ஆணி, பலகைக் கடை. கேஸ். கேபிள்காரர். திலகவதி. பிளம்பர், அவர் போன வருடம் செத்துப்போனார், பெயர் மட்டும் இருக்கிறது. மொத்தம் முப்பத்தெட்டு. இவர்களில் யாரை ஒரு பகல் முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரச் சொல்ல முடியும்? கூச்சமாக இருந்தது. ஐம்பத்தேழு வயதில் ஒருவனுக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை என்றால் அவன் மேல்தான் ஏதோ குறை இருக்க வேண்டும். இதை எழுதியபோது அழுகை வந்தது. எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

வானம் முடிந்தது. நன்றாகவே வந்திருக்கிறது. கடல் மட்டும் பாக்கி.

ஜூலை 12

இன்று பட்ட அவமானத்தை எழுதி வைக்க வேண்டும்.

ஆட்டோ ஓட்டும் சுடலையிடம் பேசி முடித்தேன். ஒரு நாள் வாடகை, மதியச் சாப்பாடு, என் தம்பி என்று சொல்ல வேண்டும். "இதென்ன அண்ணாச்சி, சொல்லிட்டாப் போச்சு," என்றான். வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி வந்தான். கஸ்பார் வில்வராயர் என்கிற எனக்குத் தம்பி!

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் எழுதிக்கொண்டே கேட்டாள். "பேஷண்டுக்கு நீங்க யாரு?"

"தம்பி."

"பேஷண்ட் பேரச் சொல்லுங்க."

சுடலை என்னைப் பார்த்தான். நான் காலண்டரைப் பார்த்தேன். "அண்ணாச்சின்னுதான் சிஸ்டர் கூப்பிடுவோம்," என்றான்.

"வீட்டுல என்ன பேரு வச்சாங்க?"

"அது அவங்க அப்பாட்டதான் கேக்கணும்."

சிஸ்டர் பேனாவை வைத்துவிட்டாள். "இழுப்பாவது இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. கல்லு மாதிரி இருக்காவ," என்று அவன் என் முதுகில் தட்டினான். எனக்கு இருமல் வந்து ஐந்து நிமிடம் நிற்கவில்லை. வரிசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைக்குச் சிரிப்பே தேவலை. "சொந்தக்காரங்களோட வாங்க சார்," என்று அனுப்பிவிட்டாள்.

சுடலை வாடகை வாங்கவில்லை. வழியில் டீ வாங்கிக் கொடுத்தான். "உங்க பேரு என்ன அண்ணாச்சி?" என்று அப்போதுதான் கேட்டான்.

ஜூலை 13

வேலை செய்யவில்லை.

ஜூலை 15

கடல் இன்னும் ஆரம்பிக்கவில்லை. தூரிகையை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். யாரும் படிக்கப் போவதில்லை, எழுதித் தொலைக்கிறேன்.

கடல் மெட்டில்டாவின் வேலை. என் தங்கை. கப்பல் நான், கடலும் வானமும் அவள், பதின்மூன்று வருடம் இந்த அறையில் இரண்டு ஸ்டூல் போட்டு வரைந்தோம். நான் வலப்பக்கம், அவள் இடப்பக்கம். கல்யாணத்துக்குப் பிறகும் வீரபாண்டியன்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் இந்த ஊர்க் கோயிலுக்குத்தான்.

கடைசி இரண்டு வருடம் அவள் கடல் எனக்குப் பிடிக்காமல் போயிற்று. பழுப்பாக, சேறு கலந்தது போல இருந்தது. சொன்னால் வருத்தப்படுவாள் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பூசைக்குப் போயிருக்கும்போது, ஈரம் காயாத அவள் கடல்மேல் நான் நீலம் ஏற்றுவேன். திங்கட்கிழமை வந்து பார்த்து, "நான் இவ்வளவு நீலமாவா போட்டேன்?" என்பாள். எண்ணெய் காய்ந்தால் நிறம் ஏறும் என்று சொல்லி வைத்திருந்தேன். நம்பினாள். ஒன்பது படம் அப்படிப் போயிற்று.

ஒரு ஞாயிறு பிரசங்கத்துக்கு நடுவில் அவளுக்குத் தலைசுற்றல் வந்து பாதியிலேயே இந்த மாடிக்கு வந்துவிட்டாள். நான் தூரிகையும் கையுமாக நிற்கிறேன். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன், போடவில்லை. சுவரிலிருந்த பிரிண்டைக் காட்டி மெதுவாகத்தான் கேட்டாள்.

"செத்துப்போன வெள்ளக்காரன் தப்பு பண்ணியிருந்தா அத அப்பிடியே வரையுத. உயிரோட பக்கத்துல உக்காந்திருக்கவ போட்டத மட்டும் மாத்துத. என்ன அண்ணே இது?"

சேற்றுக் கலராக இருக்கிறது, கம்பெனி திருப்பிவிடும், உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்றேன். அவள் தன் தூரிகைகளைத் துடைத்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். பதினோரு வருடம் ஆகிறது. அவள் ஊர் பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

நான் சொன்னது உண்மைதானே. சேற்றுக் கலராகத்தான் இருந்தது.

ஜூலை 19

சாயங்காலம் கதவு தட்டினார்கள். திறந்தேன். மெட்டில்டா. கையில் ஒரு பை. தலை பாதி நரைத்துவிட்டது.

"ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துச்சு. திங்கக்கிழம காலையில எட்டு மணிக்கு வரச் சொன்னாவ."

"நான் கூப்பிடச் சொல்லல."

"என் பேரு எழுதியிருந்துச்சாம்."

"பாரத்துல கட்டம் இருந்துச்சு. எழுதினேன்."

"கட்டம் இருந்தா நிரப்பாம விட மாட்டியே நீ," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். பையை முன்பு அவள் ஸ்டூல் இருந்த இடத்தில் வைத்தாள். அங்கே இப்போது பெயிண்ட் டப்பாக்கள் இருக்கின்றன. அவற்றை ஒரு தடவை பார்த்தாள். ரசம் வைத்தாள். உப்புக் கூட. நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜூலை 20

பூசைக்குப் போய் வந்தாள். போகும்போது கேன்வாஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள்.

ஜூலை 22

சொட்டு மருந்து: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, படுக்கும்போது ஒன்று. வலது பக்கம் படுக்கக் கூடாது. குனிந்து எதையும் தூக்கக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இழுப்பு மாத்திரை இனிமேல் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. — மெ.

ஜூலை 23

மேலே உள்ளது அவள் பென்சிலால் எழுதியது. வேறு தாள் கிடைக்கவில்லையாம். மேசையில் கட்டுக் கட்டாகத் தாள் இருக்கிறது. முந்தின பக்கங்களைப் படித்தாளா தெரியவில்லை. கேட்கவும் முடியாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உள்ளறையில் படுத்திருக்கிறேன். சிஸ்டர் இவளிடமும் அதே கேள்விகளைக் கேட்டாள். பெயர், பிறந்த தேதி, இழுப்பு எந்த வயதில் வந்தது, எந்த மாத்திரை சேராது. இவள் நிறுத்தாமல் சொன்னாள். என் அம்மை குத்திய வடு எந்தத் தோளில் இருக்கிறது என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பாள்.

மதியம் கேன்வாஸ் முன்னால் நின்றுகொண்டு கேட்டாள்.

"வானம் நீ போட்டதா?"

"ஆமா."

"ம். கடல் எப்ப முடிக்கணும்?"

"முப்பத்தொண்ணு."

"நான் போடுதேன். நான் பாடம் எடுக்கிற ஸ்கூல்ல லீவு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். உன் வானத்துக்குச் சேத்துப் போடவா, பிரிண்டப் பாத்துப் போடவா?"

வானத்தின் நிறம்தான் கடலில் விழும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும், அதனால்தான் அந்தக் கேள்வி. பிரிண்டும் என் வானமும் ஒத்துத்தானே இருக்கும், பிறகென்ன என்று நினைத்தேன். பிரிண்டைப் பார்த்தே போடு என்றேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெயிண்ட் டப்பாக்களை நகர்த்தினாள். பையிலிருந்து அந்தத் துணிச் சுருளை எடுத்தாள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவள் தூரிகை எதற்குக் கொண்டுவந்தாள்?

ஜூலை 24

நாள் முழுக்கத் தூரிகைச் சத்தம் கேட்டது. கேன்வாஸில் பெரிய தூரிகை உரசும் சத்தம். பதினோரு வருடமாக இந்த வீட்டில் அதை நான் ஒருவன்தான் எழுப்பினேன். அடுத்த அறையில் படுத்துக்கொண்டு கேட்டதில்லை. தூங்கிப்போனேன்.

ஜூலை 25

காலை பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கடலை முடித்துவிட்டுத்தான் போனாள். செருப்பைப் போடும்போது என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"மாத்தணும்னா மாத்திக்க. நான் வந்து பாக்க மாட்டேன்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரு என்றேன். பாக்கியம் அக்காவின் பேரப்பிள்ளைகள் கீழே கூத்தடிக்கிறார்கள். மேலே சத்தமே இல்லை. ஒரு ஆள் ஆறு நாள் இருந்துவிட்டுப் போனால் வீடு முன்பைவிடக் காலியாகிவிடுகிறது.

ஜூலை 26

பனிமய மாதா கோயிலில் இன்று கொடியேற்றம். ஊர் முழுக்க அங்கே இருந்தது. மணிச் சத்தம் மாடிவரை கேட்டது. நான் போகவில்லை.

காலை வெளிச்சம் நேராக விழும் நேரம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேன்வாஸ் முன்னால் உட்கார்ந்தேன்.

என் வானத்தைப் பார்த்துக் கூசிப்போனேன். சொட்டு நீலத்தைப் பாட்டிலோடு கவிழ்த்தது போல இருந்தது. அந்த டச்சுக்காரன் வரைந்தது மழை வானம், ஈயக் கலர். அதைத்தான் நான் நகல் எடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். திலகவதியை எத்தனை தடவை மெஷினை மாற்றச் சொன்னேன்! திரும்பி வந்த துறைமுகத்தையும் திருப்பிப் பார்த்தேன். அதுவும் அப்படியே.

அவள் கடல் அதற்குக் கீழே சாம்பலும் பச்சையுமாக, கனமாக, குளிராக இருந்தது. பிரிண்டை எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன். அதேதான்.

பிறகு ஒரு காரியம் செய்தேன். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, ஆபரேஷன் ஆகாத இடது கண்ணால் பார்த்தேன். வானம் சரியாகிவிட்டது. கடல் சேறாகிவிட்டது. பழுப்பு, கலங்கல், நீலம் ஏற்றினால் தேவலை என்று கை துறுதுறுக்கும் அதே சேறு. பதினோரு வருடத்துக்கு முன் அந்த ஞாயிறுகளில் எனக்குத் தெரிந்த நிறம். கையை மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தேன். வலது கண்ணில் கடல், இடது கண்ணில் சேறு.

பத்து, பன்னெண்டு வருஷம் என்று அந்த டாக்டர் பெண் சொன்னாள்.

அந்த ஒன்பது கடலும் இப்போது எங்கெங்கோ இருக்கின்றன. அவற்றை நான் எந்தக் கண்ணால் பார்த்தேன் என்று இனி யாரிடம் கேட்பது?

இன்னொன்றும் எழுத வேண்டும். இந்தக் கண்ராவி வானத்தை அவள் வந்த அன்றே பார்த்திருக்கிறாள். அவள் கையில் தூரிகை இருந்தது, நான் உள்ளறையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அந்த இரண்டு நாளில் அதை எளிதாக மூடியிருக்கலாம். தொடவில்லை.

ஜூலை 28

ஒரு வாரம் வேலை கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இன்று ஏழு நாள் ஆகிவிட்டது. எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து, இடது கண்ணில் துணி கட்டிக்கொண்டு வானத்தைச் சுரண்டி எடுத்துத் திரும்பப் போட்டேன். கப்பலுக்கு அடியிலிருந்த இங்க் நிழலையும் சரிசெய்தேன். அடிவானத்துக்குக் கீழே ஒரு இம்மிகூடத் தாண்டாமல் இருக்க அட்டை வைத்து மறைத்துக்கொண்டேன்.

ஜூலை 30

வானம் முடிந்தது. கடைசியாக ஒரு தடவை கட்டம் கட்டமாகப் பிரிண்டோடு ஒத்துப்பார்த்தேன். எண்பத்தைந்தாவது கட்டம், இடது மூலை, பெரிய அலை. பிரிண்டில் அதன் உச்சியில் நுரை ஐந்து வரி. இவள் போட்டிருப்பது நாலு. இரண்டு தடவை எண்ணினேன். புதுக் கண்ணால்தான் எண்ணினேன். நாலுதான்.

வெள்ளையும் மெல்லிய தூரிகையும் பக்கத்திலேயே இருந்தன. அரை நிமிட வேலை. அவள் வந்து பார்க்கப் போவதும் இல்லை. தூரிகையை எடுத்து, தோய்த்து, அலைக்கு ஒரு விரல்கடை தூரம்வரை கொண்டுபோனேன். பின்னால் வரும் கப்பலில் அந்தக் கொடி காற்றுக்கு எதிராகப் பறந்துகொண்டிருந்தது.

தூரிகையைக் கழுவி வைத்தேன். போட்டோ எடுத்து அனுப்பினேன்.

ஜூலை 31

திலகவதி பேசினாள்.

"சார், என்ன சார் இது! வானம் அப்படியே பிரிண்ட்ல உள்ள மாதிரி இருக்கு. கடல் அதுக்கும் மேல."

"கண்ணு ஆபரேஷன் பண்ணேன். உங்க மெஷின் நல்லாத்தான் இருக்கு. என்ன மன்னிச்சுக்கம்மா."

பிறகு, "இடது மூலையில ஒரு அலை சார். நுரை ஒண்ணு குறையுது. சின்னதுதான், போட்டுடுறீங்களா?" என்றாள்.

"இல்ல. அது அப்பிடியே இருக்கட்டும்."

"கஸ்டமர் எண்ணிப் பாத்தாத் திரும்பி வரும் சார்."

"வரட்டும்."

"நீங்களா சார் இப்படிச் சொல்றது?"

"கடல் என் தங்கச்சி போட்டது. அதுல நான் கை வைக்க முடியாது," என்றேன். உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா என்று கேட்டாள். ஒன்பது வருடமாகப் பேசுகிறோம்.

ஆகஸ்ட் 1

பத்தரை மணிக்கு இடைவேளை விடுவார்கள் என்று கணக்குப் பண்ணி அவள் ஸ்கூல் நேரத்தில் கூப்பிட்டேன். எடுத்தாள். பின்னால் பிள்ளைகள் சத்தம்.

"கண்ணுக்கு என்ன? சொட்டு மருந்து விட்டியா?"

"விட்டேன். மெட்டில்டா, ஒரு விஷயம். டாக்டர் சொன்னா, எனக்குப் புரை வந்து பன்னெண்டு வருஷம் இருக்குமாம். உன் கடல ரெண்டு கண்ணாலயும் மாத்தி மாத்திப் பாத்தேன். இடது கண்ணுக்குச் சேறாத் தெரியுது. அன்னைக்குத் தெரிஞ்ச அதே சேறு. நீ போட்டது எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கும். கோளாறு என் கண்ணுல."

பிள்ளைகள் சத்தம் குறைந்தது. தள்ளிப் போயிருப்பாள்.

"சரியா இல்லாட்டா?" என்றாள்.

"என்னது?"

"உன் கண்ணு நல்லா இருந்து, என் கடல் நெசமாவே சேறா இருந்திருந்தா? அப்ப நீ செஞ்சது சரியா அண்ணே?"

இதற்குத்தான் நான் பதினோரு வருடம் பயந்திருக்கிறேன்.

"இல்ல," என்றேன். "அப்பவும் தப்புதான். உங்கிட்ட சொல்லியிருக்கணும். மறைச்சிருக்கக் கூடாது. எண்ணெய் காஞ்சா நிறம் ஏறும்னு பொய் சொன்னேன்."

"ம்."

"இந்தப் படத்துல எண்பத்தஞ்சாவது கட்டத்துல ஒரு நுரை விட்டுட்ட. அஞ்சுக்கு நாலுதான் இருக்கு. அப்பிடியே அனுப்பிட்டேன்."

"எண்ணிட்டியா?"

"எண்ணினேன்."

"எண்ணாம உன்னால இருக்க முடியாதே," என்றாள். சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா, போனில் சரியாகக் கேட்கவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது. "கிளாஸுக்குப் போவணும். அடுத்த கண்ணு எப்போ?"

"செப்டம்பர் எட்டு."

"மாதா பொறந்த நாளு. சரி, ஸ்கூல்ல இப்பவே லீவு சொல்லி வைக்கேன். பாரத்துல என் பேர எழுதிரு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இடது கண்ணுக்கான பாரத்தை மேசை டிராயரிலிருந்து எடுத்தேன். பெயர், எண், இரண்டையும் எழுதினேன். போன தடவை காலியாக விட்ட அந்தக் குட்டிக் கட்டத்தில், எழுத்து வெளியே போகாமல் பார்த்து, தங்கை என்று எழுதினேன்.